கிரேக்கக் கதைக் கழுகுகளும் நிஜக் கழுகுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கப் புராணம் சொன்னால் பறவைகளைப் பற்றிச் சந்தேகம் வருகிறது. பறவை பார்க்கக் கூட்டிப்போனால் புராணத்தைப் பற்றிச் சந்தேகம் வருகிறது. இரண்டையும் செய்பவன் என்பதால் ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி இந்தப் பக்கத்தைக் காட்டிவிடலாம். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

வேட்டைப் பறவைன்னா என்ன? கோழிகூடத்தான் புழுவைக் கொன்னு தின்னுது, அதுவும் வேட்டைதானே?

எதைத் தின்கிறது என்பதை மட்டும் பார்த்தால் கோழி, கொக்கு, மீன்கொத்தி எல்லாமே உள்ளே வந்துவிடும். எதைக் கொண்டு பிடிக்கிறது என்று பாருங்கள். கொக்கும் மீன்கொத்தியும் அலகால் பிடிக்கின்றன. கழுகும் பருந்தும் ஆந்தையும் காலால் பிடிக்கின்றன. வளைந்த கூரான நகங்கள், சதையைக் கிழிப்பதற்கான கொக்கி அலகு, மிகக் கூர்மையான பார்வை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அது வேட்டைப் பறவை, அதாவது இரைக்கொல்லி.

பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், மட்டும் இதற்குச் சரியாகப் பொருந்தாது. செத்ததைத் தின்பதால் அவற்றின் நகங்கள் மழுங்கியிருக்கும், காலில் பிடிவலுவும் குறைவு. கழுகுகளுக்கு நெருங்கிய உறவு என்பதால் அவற்றையும் இந்தக் கூட்டத்தில் வைத்திருக்கிறார்கள்.

கழுகு, பருந்து, வல்லூறு எல்லாம் ஒண்ணுதானே? சைஸ்தானே வேற?

பேச்சுவழக்கில் வானத்தில் வட்டமிடும் எதுவும் பருந்துதான், கொஞ்சம் பெரிதாக இருந்தால் கழுகு. ஆனால் வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. அசல் கழுகுகளுக்குக் கால் விரல் வரைக்கும் இறகு மூடியிருக்கும். நாம் தினமும் பார்க்கும் கரும்பருந்துக்கு வால் நுனி லேசாகப் பிளந்திருக்கும். பாறுக்குத் தலையிலும் கழுத்திலும் இறகு குறைவு அல்லது இல்லவே இல்லை. இந்தப் பறவையைத்தான் நாம் பிணந்தின்னிக் கழுகு என்கிறோம். இதை நினைவில் வையுங்கள், புரோமிதியஸ் கதையில் தேவைப்படும்.

வல்லூறு தனிக் குடும்பம். நீண்டு கூர்ந்த சிறகு, மேல் அலகின் ஓரத்தில் ஒரு பல் போன்ற மேடு. இரையைக் காலால் பிடித்த பிறகு அந்த மேட்டால் கழுத்தைக் கடித்து முறிக்கும். பொரி வல்லூறு பாய்ந்து இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். மரபணு ஆய்வுகளில் வல்லூறுகள் கழுகுகளைவிடக் கிளிகளுக்கு நெருக்கம் என்று தெரியவந்தது. முதலில் கேட்டபோது எனக்கும் நம்பச் சிரமமாகத்தான் இருந்தது.

ஜீயஸோட கழுகு எந்த வகைக் கழுகு?

சிலைகளையும் காசுகளையும் பார்த்து இனத்தை அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பொன்னிறக் கழுகு என்று எடுத்துக்கொள்வது நியாயம். அது கிரீஸின் மலைகளில் இன்றும் வாழ்கிறது. உடல் கரும்பழுப்பு, பிடரியில் மட்டும் பொன்னிறம், சிறகு விரித்தால் 2 மீட்டருக்கு மேல் போகும். ஜீயஸ் மலையுச்சியில் இருக்கும் கடவுள், மழையும் இடியும் அவர் கையில். மேகத்துக்குள் போய் மறையும் பறவை அவருக்குச் சொந்தம் என்று மலையடிவாரத்து இடையர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. கழுகை இடி தாக்காது, அதனால்தான் அது கடவுளின் ஆயுதத்தைச் சுமக்கிறது என்று ரோமானியரான பிளினி எழுதிவைத்தார். தாக்காது என்பதற்கு ஆதாரமெல்லாம் கிடையாது.

ஜீயஸ் கழுகை அனுப்பும் கதைகளில் எனக்குப் பிடித்தது டெல்ஃபி கதை. உலகத்தின் நடு எது என்று தெரிந்துகொள்ள இரண்டு கழுகுகளைக் கிழக்குக் கோடியிலிருந்தும் மேற்குக் கோடியிலிருந்தும் பறக்கவிட்டார். அவை சந்தித்த இடம் டெல்ஃபி. அங்கே உலகின் தொப்புள் என்று ஒரு கல்லை வைத்துக் கும்பிட்டார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் பறந்தனவா என்று ஒரு பையன் கேட்டான். அதற்குக் கதையில் பதில் இல்லை.

பெரிய கழுகுன்னா அது ஆண்தானே?

இல்லை. வேட்டைப் பறவைகளில் பெரும்பாலும் பெண்தான் பெரியது. பொன்னிறக் கழுகில் பெண் ஐந்தாறு கிலோ வரை போகும், ஆண் நான்கு கிலோவைத் தாண்டுவதே கொஞ்சம்தான். ஏன் இப்படி என்பதற்குப் பல விளக்கங்கள் இருக்கின்றன: முட்டையைக் காக்கப் பெரிய உடல் உதவும், சிறிய ஆண் வேகமாகத் திரும்பிச் சின்ன இரையைப் பிடிக்கும், இப்படி. எதுவும் முடிவானதல்ல.

புரோமிதியஸின் ஈரலைத் தின்னது கழுகா, பிணந்தின்னிக் கழுகா? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொண்ணு போட்டிருக்கு.

கழுகு. புரோமிதியஸ் நெருப்பைத் திருடி மனிதர்களுக்குக் கொடுத்தவன். தண்டனையாக ஜீயஸ் அவனைக் கட்டிப்போட்டார். கிடைத்திருப்பதில் பழைய பாடம் ஹீசியட் பாடியது, கி.மு. 700-ஐ ஒட்டியது. அதில் நீண்ட சிறகுக் கழுகு ஒன்று பகலில் கல்லீரலைத் தின்கிறது, தின்ற அளவு இரவில் வளர்ந்துவிடுகிறது. ஈஸ்கிலஸின் பெயரில் உள்ள நாடகத்தில் அதே பறவை “ஜீயஸின் சிறகு முளைத்த வேட்டைநாய்” ஆகிறது. கடைசியில் மாவீரன் ஹெராக்ளிஸ் அதைக் கொல்கிறான்.

குழப்பத்துக்குக் காரணம் டிட்டியஸ் என்ற இன்னொருவன். அப்போலோவின் தாய் லீட்டோவிடம் முறைகெட்டு நடந்த அரக்கன் அவன். பாதாள உலகத்தில் அவனைத் தரையில் கிடத்தி, இரண்டு பக்கமும் இரண்டு பாறுகள் உட்கார்ந்து ஈரலைக் கொத்துவதாகக் காவியக் கவிஞர் ஹோமர் சொல்கிறார். இரண்டு தண்டனையும் ஒரே மாதிரி இருப்பதால் பின்னால் வந்தவர்கள் பறவைகளை மாற்றிவிட்டார்கள். தமிழில் இரண்டையும் கழுகு என்றே எழுதுவதால் நமக்குக் குழப்பம் கூடுதல்.

கல்லீரல் நிஜமாவே வளரும்ங்கிறாங்களே, கிரேக்கர்களுக்கு அது தெரிஞ்சிருந்துச்சா?

வளரும் என்பது உண்மை. மூன்றில் இரண்டு பங்கை அறுத்தெடுத்தாலும் மீதி பெருத்துப் பழைய அளவுக்கு வந்துவிடும். எலிக்கு ஒரு வாரம் பத்து நாள், மனிதருக்கு வாரங்கள், மாதங்கள். ஒரே ராத்திரியில் நடக்காது. வெட்டிய துண்டு அப்படியே முளைப்பதும் இல்லை, மிச்சமிருப்பதுதான் பெரிதாகிறது.

கிரேக்கர்களுக்குத் தெரிந்திருந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை. கதையில் ஈரல் வளர்வது உடலின் இயல்பால் இல்லை, புரோமிதியஸ் சாகாதவன் என்பதால். காலைத் தின்றிருந்தாலும் வளர்ந்திருக்கும். ஏன் ஈரல் என்றால், பலியிட்ட ஆட்டின் ஈரலைப் பார்த்துக் குறி சொன்னவர்கள் அவர்கள். உணர்ச்சிகளின் இருப்பிடமாகவும் அதைக் கருதினார்கள். “பார், முன்னோர்களுக்கு எல்லாம் தெரியும்” என்று சொல்ல இந்தக் கதையை எடுக்காதீர்கள்.

கனிமீடைக் கழுகு தூக்கிட்டுப் போச்சே. ஒரு கழுகால மனுசனைத் தூக்க முடியுமா?

கனிமீட் ட்ராய் நாட்டு இளவரசன், பேரழகன். தேவர்களுக்கு மது ஊற்ற அவனைத் தேவர்கள் வாழும் ஒலிம்பஸ் மலைக்குக் கொண்டுபோனார்கள். ஹோமரில் தேவர்களே கொண்டுபோகிறார்கள், கழுகு பின்னால் வந்து சேர்ந்தது. வியாழன் கோளின் நிலவுகளில் மிகப் பெரியதற்கு இவன் பெயர்தான்.

நிஜக் கழுகால் முடியாது. நான்கைந்து கிலோ எடையுள்ள பறவை தன் எடைக்கு மேல் தூக்கிக்கொண்டு உயரே போக இயலாது. முயல், மர்மோட் என்ற மலை அணில், ஆட்டுக்குட்டி என்று போனாலும் பெரிய இரையைக் கொன்ற இடத்திலேயே கிழித்துத் தின்னும். நியூசிலாந்தில் 15 கிலோ வரை எடையுள்ள ஹாஸ்ட் கழுகு சில நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்தது. அது மோவா என்ற ராட்சதப் பறவைகளை அடித்தது, அடித்ததைத் தூக்கிப்போகவில்லை. கொல்வது வேறு, தூக்குவது வேறு. தென்னாப்பிரிக்காவின் டவுங் என்ற இடத்தில் 1924-இல் கிடைத்த ஆதி மனிதக் குழந்தையின் மண்டையோட்டில், கண்குழிகளைச் சுற்றி இருக்கும் காயங்கள் கழுகு ஏற்படுத்தியவை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு மூன்று நான்கு வயதுதான்.

அதீனா அறிவுக்குத் தெய்வம், சரி. அவளுக்குப் போய் ஏன் ஆந்தை? நம்ம ஊர்ல ஆந்தை கத்தினாலே கெட்டதுன்னு சொல்வாங்களே.

நம் ஊரில் மட்டுமா, ரோமானியர்களும் அப்படித்தான் பயந்தார்கள். ஏதென்ஸில் நிலைமை வேறு. அங்கே பாறைப் பிளவுகளில் கூடு கட்டும் சிற்றாந்தை சர்வசாதாரணம். 22 சென்டிமீட்டர் உயரம், தட்டைத் தலை, மஞ்சள் கண், முறைப்பு. பகலிலும் வெளியே உட்கார்ந்திருக்கும். ஊரின் காவல் தெய்வத்துக்கு ஊரில் நிறைந்திருக்கும் பறவை ஒட்டிக்கொண்டது என்பதுதான் எனக்குப் படுகிற விளக்கம். அறிவு என்பது பிறகு ஏற்றியது. கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போருக்கு முன் ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டொக்ளிஸ் பேசிக்கொண்டிருந்தபோது ஆந்தை ஒன்று வலப்பக்கமாகப் பறந்துவந்து கப்பலில் உட்கார்ந்ததாம், வீரர்கள் உற்சாகமாகிவிட்டார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார்.

ஏதென்ஸின் வெள்ளிக் காசில் ஒரு பக்கம் அதீனா, மறுபக்கம் ஆந்தை. இன்றைய கிரேக்க ஒரு யூரோ நாணயத்திலும் அந்தக் காசின் ஆந்தையே இருக்கிறது. ஏற்கெனவே நிறைய இருக்கும் இடத்துக்கு இன்னும் கொண்டுபோவதை “ஏதென்ஸுக்கு ஆந்தை” என்று கேலி செய்வார்கள். நம் கொல்லைக்கு வரும் புள்ளி ஆந்தையைத் தெரியுமல்லவா? அதுவும் சிற்றாந்தையும் ஒரே பேரினம், பேரினத்தின் அறிவியல் பெயரே அதீனா தெய்வத்தின் பெயர்தான்.

கிரேக்கத்திலும் கெட்ட ஆந்தை உண்டு. பாதாள அரசன் கடத்திப்போன தெய்வப்பெண் பெர்ஸெஃபனி அங்கே மாதுளை தின்றதைப் போட்டுக்கொடுத்த அஸ்கலாஃபஸை ஆந்தையாக்கினார்கள். ஆனால் அது பெரிய ஆந்தை, சிற்றாந்தை இல்லை.

ஆந்தையும் கழுகும் சொந்தமா?

சாப்பிடும் விதத்தில் ஒற்றுமை, குடும்பம் வேறு. ஆந்தைக்கு முகம் வட்டத்தட்டு போல ஒலியைக் காதுக்குக் குவிக்கும், இறகின் ஓரம் குஞ்சம் போல இருப்பதால் பறக்கும் சத்தம் கேட்காது. கண் குழாய் வடிவில் மண்டையில் பதிந்திருக்கும், சுழலாது. அதனால்தான் கழுத்தை 270 பாகை வரை திருப்புகிறது.

கழுகு பாம்பைத் தூக்கிட்டுப் பறந்தா என்ன சகுனம்?

எந்தப் பக்கம் பறந்தது என்பதைப் பொறுத்து! கிரேக்கர்களுக்கு வலம் நல்லது, இடம் கெட்டது. ஹோமரின் இலியட் காவியத்தில், ட்ராய் போரின்போது ட்ராய் வீரர்கள் கிரேக்கரின் அரணைத் தாண்டப் போகும் நேரத்தில், பாம்பைப் பிடித்த கழுகு ஒன்று இடப்பக்கமாக வந்தது. பாம்பு வளைந்து கழுகின் மார்பில் கடிக்க, வலி தாங்காமல் படையின் நடுவே போட்டுவிட்டுப் போனது. பாலிடமஸ் என்பவன் “நமக்கும் கைக்கு வந்தது நழுவிவிடும், போக வேண்டாம்” என்றான். ட்ராய் படைத்தலைவன் ஹெக்டர் கேட்கவில்லை. நாட்டைக் காப்பதுதான் ஒரே நல்ல சகுனம் என்று சொல்லிவிட்டான். பேச்சு பிரமாதம், ஆனால் பலித்தது பாலிடமஸ் சொன்னதுதான்.

காட்சி கற்பனை இல்லை. கிரீஸில் கோடைக்கு வரும் பாம்புக்கழுகு ஒன்று உண்டு, சாப்பாடே பாம்புதான். உயிரோடு நெளியும் பாம்பைத் தொங்கவிட்டபடி அது பறப்பதைப் பார்க்கலாம். அதே இனம் இந்தியாவிலும் இருக்கிறது.

தலையில ஆமை விழுந்து ஒரு எழுத்தாளர் செத்தாராமே?

நாடகாசிரியர் ஈஸ்கிலஸ். கி.மு. 456 வாக்கில் சிசிலியின் கெலா நகரில் இறந்தார். அவர் வழுக்கைத் தலையைப் பாறை என்று நினைத்துக் கழுகு ஆமையைப் போட்டது என்பது கதை. இதைச் சொல்பவர்கள் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்கள், நம்பத் தேவையில்லை.

ஆனால் ஆமையைப் போட்டு உடைப்பது நிஜம். கிரீஸில் பொன்னிறக் கழுகுகள் ஆமையை உயரே கொண்டுபோய்ப் பாறையில் போட்டு ஓட்டைப் பிளக்கின்றன. தாடிப் பாறு இதில் இன்னும் கைதேர்ந்தது. அதன் உணவில் பெரும்பங்கு எலும்பு. பெரிய எலும்பைத் திரும்பத் திரும்பப் போட்டு உடைத்து, துண்டுகளை அப்படியே விழுங்கும், வயிற்று அமிலம் கரைத்துவிடும். கிரீஸில் அது இப்போது கிரீட் தீவில் மட்டும் கூடு கட்டுகிறது.

ஹார்ப்பின்னு பொம்பளைத் தலை வச்ச பறவை வருதே, அதுக்கும் ஹார்ப்பி கழுகுக்கும் என்ன தொடர்பு?

பெயர் மட்டும். ஹார்ப்பி கழுகு மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் தேவாங்கு போல மெதுவாக நகரும் ஸ்லாத் என்ற விலங்கையும் குரங்கையும் பிடித்து வாழ்கிறது. பண்டைய கிரேக்கர் யாரும் பார்த்திருக்க முடியாது. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1758-இல் புராணப் பெயரை அதற்கு வைத்தார்.

கதையில் ஃபினியஸ் என்ற குருட்டு ஞானி சாப்பிட உட்கார்ந்ததும் ஹார்ப்பிகள் பாய்ந்து உணவைப் பறிக்கும், மிச்சத்தை நாறடித்துவிட்டுப் போகும். எனக்கு இதில் தெரிவது கழுகு இல்லை, பருந்து. மீன் சந்தைக்குப் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பருந்துகள் பலிக்கறியைத் தட்டிப் பறிப்பது கிரீஸிலும் வழக்கமாக இருந்தது. ஒலிம்பியாவில் மட்டும் அவை பறிப்பதில்லை என்று பழங்காலப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் அதிசயமாகக் குறிப்பிடுகிறார்.

விராலடிப்பானோட அறிவியல் பெயர் பாண்டியோன்னு பார்த்தேன். நம்ம பாண்டிய மன்னனா?

ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் இல்லை. மீன் பிடித்து வாழும் இந்தப் பறவைக்குப் பெயர் தந்தவர் கிரேக்கப் புராணத்தில் வரும் ஏதென்ஸ் அரசர் பாண்டியோன். 1809-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சவினி வைத்த பெயர். வேடிக்கை என்னவென்றால் புராணத்தில் பாண்டியோன் பறவையாகவே மாறவில்லை. அவர் மகள்கள் புரொக்னியும் ஃபிலோமெலாவும்தான் மாறினார்கள், அதுவும் வேட்டைப் பறவைகளாக இல்லை, தகைவிலானாகவும் இராப்பாடியாகவும் (நைட்டிங்கேல்). அதே அரச வம்சத்தில் நைசஸ் என்பவர் மெகாராவின் அரசர், அவர் மட்டும் வேட்டைப் பறவையானார். தலையில் ஒரு ஊதா முடி இருக்கும்வரை அவரை யாராலும் வெல்ல முடியாது. மகள் ஸ்கில்லா எதிரியான கிரீட் அரசன் மைனோஸ் மேல் காதலாகி அந்த முடியை அறுத்துக் கொடுத்துவிட்டாள். அப்பா கடற்கழுகாகி, பறவையாகிவிட்ட மகளை இன்றும் துரத்துகிறார். ஐரோப்பாவின் சிட்டுப்பருந்துக்கு நைசஸ் பெயர் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு. பழங்காலப் புவியியலாளர் தாலமி மதுரையைப் “பாண்டியோனின் தலைநகர்” என்றே எழுதினார். தங்களுக்குத் தெரிந்த பெயரின் சாயலில் கிரேக்கர் நம் பாண்டியரை எழுதிவிட்டார்கள். பறவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

திருக்கழுக்குன்றத்துக் கழுகுக்கும் கிரேக்கப் பெயராமே?

ஆமாம். அங்கே உச்சிவேளையில் சோறு வாங்க வந்த இரண்டு வெள்ளைப் பறவைகள் மஞ்சள்முகப் பாறுகள். இப்போது பல ஆண்டுகளாக வருவதில்லை. அவற்றின் பேரினப் பெயர் நியோஃப்ரான். கிரேக்கக் கதையில் நியோஃப்ரான், தன் தாயோடு பழகிய ஏஜிப்பியஸைப் பழிவாங்க, இருட்டில் அவனை அவனுடைய தாயிடமே அனுப்பிவைக்கிறான். கோபமடைந்த ஜீயஸ் இருவரையும் பாறுகளாக்கினார். ஏஜிப்பியஸ் பெயரைக் கரும்பாறுக்கு வைத்திருக்கிறார்கள். கோயில் பறவைக்கு இப்படியொரு கதை என்று கேட்டதும் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது.

கழுகு 40 வயசுல அலகை உடைச்சு, இறகைப் பிடுங்கி, மறுபடி 30 வருஷம் வாழும்னு வாட்ஸ்ஆப்ல வந்துச்சே?

பொய். காட்டில் வாழும் பொன்னிறக் கழுகு 30 வயதைத் தொடுவதே அபூர்வம். இறகுகள் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து தாமாகவே புதிதாகும். அலகு நம் நகம் போல வளர்ந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருக்கும். அதை அடியோடு உடைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து செத்துப்போகும்.

இந்த நம்பிக்கையின் வேர் பழையது. கிழக் கழுகின் மேல் அலகு வளைந்துகொண்டே போய்க் கடைசியில் பட்டினியால் சாகும் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். அது முன்பு மனிதனாக இருந்தபோது விருந்தாளிக்குச் சோறு போட மறுத்ததற்குத் தண்டனை என்று மக்கள் சொல்வதையும் சேர்த்துக்கொண்டார். அவர் சொன்னதில் மறுபிறப்பு இல்லை, சாவுதான். ஊக்கப் பேச்சுக்கு உதவாது.

பலவீனமான குஞ்சைக் கழுகு தள்ளிவிடுமாமே?

சூரியனைப் பார்க்க வைத்துச் சோதிக்கும், கண் கலங்கும் குஞ்சைக் கொன்றுவிடும் என்று கடற்கழுகைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அது கற்பனை. “மூன்று இடும், இரண்டு பொரிக்கும், ஒன்றை வளர்க்கும்” என்ற பழம்பாட்டையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். அது பாதி சரி. பல கழுகினங்களில் முதலில் பொரித்த குஞ்சு இளையதைக் கொத்தியே கொன்றுவிடும். தாய் தள்ளுவதில்லை, தடுப்பதும் இல்லை.

ஜீயஸோட கழுகுதான் நம்ம கருடன்னு சொல்றாங்களே?

ஒற்றுமைகள் உண்டு. கருடன் அமுதம் கொண்டுவந்தார். கிரீட் குகையில் ஒளித்து வளர்க்கப்பட்ட குழந்தை ஜீயஸுக்குப் பெரிய கழுகொன்று தேவபானம் கொண்டுவந்ததாக ஒரு பழைய கிரேக்கப் பாடல் சொல்கிறது. இரண்டு பக்கமும் பாம்புப் பகை. வானத்தில் கழுகு மண்டலத்தின் பிரகாசமான விண்மீன் ஆல்டேர், நம் திருவோணம். அது திருமாலின் நட்சத்திரம்.

ஆனால் கருடனுக்குத் தாய், சபதம், விடுதலை என்று சொந்தக் கதை இருக்கிறது. பேசுகிறார், வரம் கேட்கிறார். ஜீயஸின் கழுகு பெரும்பாலும் ஏவலாள், வாய் திறப்பதில்லை. பறவையும் வேறு, நாம் கருடன் என்று கும்பிடுவது செம்பருந்தை. அது கிரீஸில் கிடையாது. கழுகு மண்டலத்தைப் பாபிலோனியர்களும் கழுகு என்றே அழைத்தார்கள், எனவே யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று இந்த இரண்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பெரிய பறவையைப் பார்த்த எந்த ஊரிலும் இப்படிக் கதை பிறக்கும்.

இத்தனை கதையில வல்லூறு ஏன் ஆளையே காணோம்?

கிரேக்கர்கள் சிறிய வேட்டைப் பறவைகளையெல்லாம் பெரும்பாலும் ஒரே பெயரில் அடக்கினார்கள். அதனால் கதையில் வருவது வல்லூறா வைரியா என்று பிரிப்பது கடினம். புறாவைக் கிழித்தபடி வரும் அப்போலோவின் தூதன் ஹோமரில் இருக்கிறான். ஹீசியட்டில் இராப்பாடியைக் கவ்விக்கொண்டு “நீ எவ்வளவு பாடினாலும் நான் வைத்ததுதான் சட்டம்” என்கிற மாதிரிப் பேசும் ஒரு பறவை இருக்கிறது. இரண்டில் எதுவும் வல்லூறாக இருக்கலாம்.

எனக்கு வருத்தம் எலியனோரா வல்லூறைப் பற்றித்தான். உலகில் இருக்கும் அந்த இனத்தில் பெரும்பகுதி ஏஜியன் கடல் தீவுகளின் பாறைகளில்தான் கூடு கட்டுகிறது. மற்ற பறவைகள் குஞ்சு வளர்த்து முடித்த பிறகு, கோடைக் கடைசியில் இது முட்டையிடும். ஐரோப்பாவிலிருந்து தெற்கே போகும் சிறு பறவைகள் களைத்துக் கடல் தாண்டும் நேரம் அது. கூட்டமாகக் காற்றில் காத்திருந்து அவற்றைப் பிடித்துக் குஞ்சுகளுக்குக் கொடுக்கும், அப்புறம் மடகாஸ்கருக்குக் கிளம்பிவிடும். இந்தப் பறவைக்குக் கடைசியில் பெயர் கொடுத்தது கிரேக்கப் பெண் தெய்வம்கூட இல்லை, 14-ஆம் நூற்றாண்டில் சார்டினியா தீவின் ஆர்போரியா நாட்டை ஆண்ட எலியனோரா. வல்லூறுக் கூடுகளைச் சட்டம் போட்டுக் காத்தவர் அவர். கிரேக்கத் தீவுகளுக்குப் போகிறவர்கள் செப்டம்பரில் போனால் பார்க்கலாம்.